முனகும் ஸ்டீயரிங்: ஒரு பழைய வேனுக்குள் இருக்கும் நூறு வருடக் கதை

(எபிசோடில் பேசியதை, வாசிக்கத் தோதாகச் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்.)

இன்னைக்கு எபிசோடு ஒரு சத்தத்தைப் பத்தினது.

செட்டிநாட்டுப் பக்கம் கோயில் பார்க்கப் போயிருந்தீங்கன்னா இந்தச் சத்தத்தை நீங்க கேட்டிருப்பீங்க. காரைக்குடியில ஒரு வேன் எடுத்து, பிள்ளையார்பட்டி, வைரவன்பட்டி, இரணியூர், இளையாத்தங்குடின்னு நகரத்தார் கோயில் ஒன்பதையும் ஒரே நாள்ல பார்த்துட்டு வர்றவங்க உண்டு. ஒவ்வொரு கோயில் வாசல்லயும் டிரைவர் வண்டியை ரிவர்ஸ் எடுத்துத் திருப்புவார். அப்போ பானட்டுக்குள்ள இருந்து ஒரு முனகல் வரும். நேரா போகும்போது இருக்காது. திருப்பும்போது மட்டும் வரும். ஆக்சிலேட்டரை மிதிச்சா அதோட சுருதியும் கூடவே ஏறும்.

பழைய வேன் வச்சிருக்கிறவங்க பெரும்பாலும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சுட்டு ஓட்டிடுவாங்க. நான் வரலாறு படிக்கிறவன். எனக்கு அந்தச் சத்தம் எங்கிருந்து வருது, எப்போதிலிருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கணும். தேடிப் போனா அது பாஸ்டன் பக்கத்துல ஒரு பட்டறைக்கும், பிரிட்டிஷ் போர்க்கப்பலுக்கும், திமிங்கிலத்துக்கும், கடைசியில நம்ம விராலிமலைக்கும் கூட்டிட்டுப் போகுது. நடுவுல அந்தச் சத்தத்தை வீட்டு வாசல்லயே எப்படிச் சரி பண்றதுன்னும் சொல்லிடறேன்.

"லெஃப்ட்ல ஒடி!"

முதல்ல ஒரு சொல். வண்டியைத் திருப்பச் சொல்லும்போது நம்ம ஊர் கிளீனர்கள் "ஒடி, ஒடி, ஃபுல்லா ஒடி"ன்னுதான் கத்துவாங்க. கரும்பை ஒடிக்கிறோம், முருங்கைக் கிளையை ஒடிக்கிறோம். பலம் போட்டுச் செய்யற வேலைக்குத்தான் இந்தச் சொல். ஸ்டீயரிங்கைச் சுத்துறதுக்கும் அதே சொல் ஏன் வந்துச்சுன்னு, பவர் ஸ்டீயரிங் இல்லாத லாரியை ஓட்டின யாரையாவது கேட்டா தெரியும்.

நிக்கிற வண்டியில முன் சக்கரத்தைத் திருப்புறதுதான் ரொம்பக் கஷ்டம். எஞ்சின், டிரைவர், முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க எல்லோருடைய எடையும் இரண்டு டயர் வழியா தரையில அழுத்துது. அந்த ரப்பரை தார் ரோட்டுல தேய்ச்சுத் திருப்பணும். அதுக்குப் பொறியாளர்கள் ஆரம்பத்துல செஞ்ச வழி இரண்டு. ஒண்ணு, ஸ்டீயரிங் வளையத்தைப் பெருசாக்குறது. இன்னொண்ணு, பல்சக்கர விகிதத்தைக் கூட்டுறது. ஜாக்கி மாதிரிதான்: பல தடவை சுத்தினா கொஞ்சம் நகரும், ஆனா பலம் குறைவாப் போதும். அந்தக் காலத்து பஸ் ஸ்டீயரிங் சாப்பாட்டுத் தட்டை விடப் பல மடங்கு பெருசா இருந்ததுக்கும், ஒரு முனை திரும்ப டிரைவர் உடம்பையே சாய்ச்சு வளைக்க வேண்டியிருந்ததுக்கும் காரணம் இதுதான்.

தென்மாவட்டங்கள்ல மோட்டார் பஸ் ஓட ஆரம்பிச்சது 1910-களில். டி.வி. சுந்தரம் ஐயங்கார் பஸ் தொழில்ல இறங்கினதும் அந்தக் காலம்தான். அன்னையிலிருந்து குறைஞ்சது அறுபது வருஷம், இந்தப் பக்கத்து டிரைவர்களோட தோளும் முதுகும்தான் பவர் ஸ்டீயரிங்கா இருந்தது. அந்த உழைப்பை யாரும் கணக்கெடுத்து எழுதி வைக்கலை. "ஒடி"ங்கிற ஒரு சொல்லுல அது மிச்சம் இருக்கு.

பாஸ்டன் பக்கத்துல ஒரு பட்டறை

இந்தப் பாரத்தைக் குறைக்கணும்னு உட்கார்ந்து யோசிச்சவர்கள்ல முக்கியமானவர் பிரான்சிஸ் டேவிஸ். அமெரிக்காவுல பியர்ஸ்-ஏரோன்னு ஒரு கம்பெனி. அதோட லாரிப் பிரிவுல பொறியாளர். கனமான லாரிகளைத் திருப்ப டிரைவர்கள் படுற பாட்டை அவர் தினமும் பார்த்தார். வேலையை விட்டுட்டு, பாஸ்டன் பக்கத்துல வால்தம் என்ற ஊர்ல ஒரு பட்டறை போட்டார். 1926-ல் ஒரு பியர்ஸ்-ஏரோ காரில் ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார்.

எண்ணெயை அழுத்தி வேலை வாங்குறது அப்போ புதுசு கிடையாது. ஆனா அதுவரைக்கும் இருந்த முறைகள்ல எண்ணெயை எப்பவும் உயர் அழுத்தத்துல வச்சிருக்கணும். கசிவு, சூடு, சத்தம் எல்லாம் அதுலிருந்து வரும். டேவிஸ் அதைத் தலைகீழாக்கினார். எஞ்சின் ஓடுற வரைக்கும் பம்ப் எண்ணெயைச் சும்மா சுத்த விட்டுக்கிட்டே இருக்கும். வால்வு திறந்தே இருக்கும். அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. டிரைவர் ஸ்டீயரிங்கைத் திருப்பினா மட்டும் வால்வு ஒரு பக்க வழியைக் குறுக்கும். எண்ணெய் போக வழியில்லாம அழுத்தம் எகிறும். அந்த அழுத்தம் ஒரு பிஸ்டனைத் தள்ளி சக்கரத்தைத் திருப்பும். கையை எடுத்தா பழையபடி சும்மா ஓட்டம்.

இப்போ நம்ம வேன் சத்தத்துக்கு வாங்க. நேரா போகும்போது ஏன் முனகலை, திருப்பும்போது மட்டும் ஏன் முனகுது? 1926-ல் டேவிஸ் எடுத்த அந்த முடிவாலதான். திருப்பும்போதுதான் பம்புக்கு வேலையே வருது.

அவர் செஞ்ச இன்னொரு நல்ல காரியமும் இருக்கு. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற இரும்பு இணைப்பை அவர் எடுக்கலை. எண்ணெய் துணைக்கு மட்டும்தான். அதனால ஓடுற வண்டியில பம்ப் நின்னுபோனாலும், எஞ்சினே அணைஞ்சாலும், ஸ்டீயரிங் வேலை செய்யும். ரொம்பக் கனமாகிடும், அவ்வளவுதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. அந்த நேரத்துல பலர் "ஸ்டீயரிங் லாக் ஆயிடுச்சு"ன்னு பயந்து கையை விட்டுடறாங்க. விடக் கூடாது. இரண்டு கையாலயும் பிடிச்சு ஒடிக்கணும், பழைய லாரி டிரைவர் மாதிரி.

டேவிஸ் ஜெனரல் மோட்டார்ஸோட ஒப்பந்தம் போட்டார். ஆனா 1929-க்குப் பிறகு வந்த பொருளாதாரப் பெருமந்தத்துல கார் வாங்கவே ஆள் இல்லை. செலவு அதிகம்னு 1934-ல் கம்பெனி அதை ஓரம் கட்டியது. அவர் பெண்டிக்ஸ் கம்பெனிக்குப் போனார். இரண்டாம் உலகப் போர்ல கனமான ராணுவ வண்டிகளுக்கு இது தேவைப்பட்டது. பொது ஜனம் வாங்கற கார்ல வந்தது 1951-ல், கிரைஸ்லரின் இம்பீரியல் காரில். அதுக்குள்ள டேவிஸின் முக்கியமான காப்புரிமைகள் காலாவதி ஆகிட்டதால, கிரைஸ்லர் அந்த யோசனையை இலவசமாவே எடுத்துக்கிட்டது. அதைப் பார்த்து ஜெனரல் மோட்டார்ஸ் மறுபடி டேவிஸைத் தேடிப் போனது. செஞ்சு காட்டி இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு உலகம் அவர்கிட்ட வந்தது.

கப்பலுக்கும் வேனுக்கும் ஒரே நோய்

பம்ப் வேலை செய்யட்டும், ஆனா ஏன் முனகணும்? நல்லா இருக்கிற பம்பும் அதே வேலையைத்தானே செய்யுது? இதுக்குப் பதில் கடல்ல இருக்கு.

1890-களில் பிரிட்டிஷ் கடற்படை ரொம்ப வேகமான சின்னப் போர்க்கப்பல்களைக் கட்ட ஆரம்பிச்சது. 'டேரிங்' என்ற கப்பலைச் சோதிச்சப்போ, எஞ்சின் சுத்துற அளவுக்கு வேகம் வரலை. புரொப்பல்லர் வேகமாச் சுத்தச் சுத்த, அதன் பின்பக்கத்துல தண்ணீரோட அழுத்தம் விழுந்து, தண்ணீர் அங்கேயே ஆவியாகிக் குமிழாச்சு. புரொப்பல்லர் தண்ணியைத் தள்ளுறதுக்குப் பதிலா நுரையைக் கிண்டிக்கிட்டு இருந்தது. நீராவி டர்பைனைக் கண்டுபிடிச்ச சார்லஸ் பார்சன்ஸுக்கும் தன்னோட 'டர்பினியா' கப்பல்ல இதே தொல்லை. அவர் 1895-ல் ஒரு தொட்டி செஞ்சு, அதுக்குள்ள சின்ன புரொப்பல்லரைச் சுத்தவிட்டு, குமிழ்களைக் கண்ணால பார்த்தார். 1917-ல் ராலே என்ற இயற்பியலாளர், அந்தக் குமிழ்கள் நசுங்கும்போது எவ்வளவு பெரிய அழுத்தம் உண்டாகும்னு கணக்குப் போட்டுக் காட்டினார். உலோகத்தையே அரிச்சுக் குழி போடற அளவுக்கு.

வேனோட ஸ்டீயரிங் பம்புக்குள்ளயும் நடக்கறது இதே குமிழ் விளையாட்டுதான். பம்ப் ஒரு பக்கம் எண்ணெயை உறிஞ்சும், இன்னொரு பக்கம் அழுத்தித் தள்ளும். டப்பாவில எண்ணெய் குறைஞ்சிருந்தாலோ, உறிஞ்சற ஹோஸ் கிளிப் லூசா இருந்தாலோ, எண்ணெயோட காத்தும் சேர்ந்து உள்ளே போகும். டப்பாவுக்குள்ள இருக்கிற சின்ன சல்லடை அடைச்சிருந்தா, பம்ப் இழுத்து இழுத்துப் பார்த்து, எண்ணெயிலிருந்தே குமிழ் கிளம்பும். அழுத்தப் பக்கம் போனதும் எல்லாக் குமிழும் படபடன்னு நசுங்கும். அந்தக் கோடிக்கணக்கான சின்ன வெடிப்புகள் சேர்ந்ததுதான் உங்க காதுல கேக்கற முனகல். நம்ம மெக்கானிக்குகள் ராலேயைப் படிச்சதில்லை. "ஏர் ஏறியிருக்கு"ன்னு ரெண்டே வார்த்தையில சொல்லிடறாங்க. சரியாத்தான் சொல்றாங்க.

ஆபத்தும் அதேதான். குமிழ் புரொப்பல்லரை அரிச்ச மாதிரி பம்பையும் உள்ளே அரிக்கும். இன்னைக்கு எண்ணெய் ஊத்திச் சரி பண்ணக்கூடிய சத்தம், கவனிக்காம விட்டா பம்பைத் தின்னுடும்.

கோட்டையூர் வாசல்ல ஒரு சாயங்காலம்

எங்க பெரியப்பா கோட்டையூர்ல இருக்கார். முப்பது வருஷம் லாரியும் டூரிஸ்ட் வேனும் ஓட்டினவர். இப்போ வீட்டுக்குன்னு ஒரு பழைய வேன் மட்டும் வச்சிருக்கார். அது முனக ஆரம்பிச்சிருந்தது. ஒரு பட்டறையில பார்த்துட்டு பம்பையே மாத்தணும்னு சொல்லிட்டாங்க. அவர் என்கிட்ட சொன்னது இதுதான்: "தம்பி, எனக்குத் தோள்பட்டை போயிடுச்சு. பவர் இல்லாம இந்த வண்டியை என்னால ஒடிக்க முடியாது. பம்பு காசுக்கு நான் வண்டியையே குடுத்துட்டு உட்கார்ந்துடலாம்."

"பெரியப்பா, மாத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடலாமே"ன்னேன். பார்த்தோம். செஞ்சதை வரிசையாச் சொல்றேன்.

முதல்ல சத்தத்தைப் பிரிச்சுக் கேக்கணும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் "கீச்"னு கத்தினா அது பெல்ட். தேய்ஞ்சிருக்கும், இல்லேன்னா தளர்ந்திருக்கும். ஸ்டீயரிங்கை ஒரு ஓரத்துக்கே ஒடிச்சுப் பிடிக்கும்போது மட்டும் "ஸ்ஸ்"னு வந்தா, அது அதிக அழுத்தத்தை வெளியே விடற வால்வு, பயப்பட வேண்டாம். பள்ளத்துல "டக் டக்"னு அடிச்சா அது கீழே இருக்கிற இணைப்புகள். உடனே பட்டறைக்குப் போகணும். எஞ்சின் வேகத்தோட ஏறி இறங்கற முனகல்தான் எண்ணெயும் காத்தும்.

அடுத்து, எஞ்சினை அணைச்சு, டப்பா மூடியைத் திறந்து பாருங்க. எண்ணெய் குறியீட்டுக்குக் கீழே இருக்கா? நுரை கட்டியிருக்கா? கறுப்பா, தீய்ஞ்ச வாடை அடிக்குதா? பெரியப்பா வண்டியில மூணும் இருந்தது. எண்ணெய் குறைஞ்சிருந்தா அது எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். ராத்திரி வண்டிக்கு அடியில ஒரு அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டு வச்சோம். காலையில பார்த்தா டப்பாவுக்கு நேர் கீழே ரெண்டு சொட்டு. உறிஞ்சற ஹோஸ் கிளிப்தான் லூசு. எண்ணெய் வெளியே வர்ற அதே இடைவெளி வழியாத்தான் காத்தும் உள்ளே போயிருக்கு. புதுக் கிளிப் போட்டோம்.

பிறகு டப்பாவில இருந்த பழைய எண்ணெயை ஒரு பெரிய சிரிஞ்சால உறிஞ்சி எடுத்தோம். சல்லடையில கறுப்புக் கசடு, கழுவினோம். புது எண்ணெய் ஊத்தறதுக்கு முன்னாடி மூடியையோ வண்டிப் புத்தகத்தையோ பாருங்க. எந்த வகை எண்ணெய்னு அதுல இருக்கும். வேற எதையும் ஊத்தாதீங்க, முக்கியமா பிரேக் ஆயிலை. உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊறிக் கெட்டுப்போகும்.

கடைசியா ஏர் எடுக்கணும். முன்பக்கத்தைச் சமதரையில ஜாக்கியில தூக்கி, அடியில ஸ்டாண்டு கொடுத்து, பின் சக்கரத்துக்குக் கட்டை வச்சோம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்குக் கீழே தலையை நீட்டாதீங்க. எஞ்சின் அணைஞ்சபடியே, சாவியை மட்டும் போட்டு, ஸ்டீயரிங்கை இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் மெதுவா இருபது தடவை சுத்தினோம். டப்பாவில குமிழ் குமிழா மேல வரும். எண்ணெய் இறங்க இறங்க ஊத்திக்கிட்டே இருக்கணும். குமிழ் நின்ன பிறகுதான் ஸ்டார்ட் பண்ணி, இன்னும் சில தடவை. ஓரத்துலயே சில விநாடிக்கு மேல பிடிச்சு வைக்கக் கூடாது, எண்ணெய் கொதிச்சுடும்.

சத்தம் அன்னைக்கே முக்கால்வாசி போச்சு. ஒரு வாரம் ஓட்டிட்டு, அதே மாதிரி எண்ணெயை இன்னொரு தடவை மாத்தினதும் மிச்சமும் போயிடுச்சு. எல்லா வண்டிக்கும் இப்படி ஆகும்னு சொல்ல மாட்டேன். காத்து எடுத்த பிறகும் முனகினா பம்ப் ஏற்கெனவே தேய்ஞ்சிருக்கு. அப்போ மாத்தித்தான் ஆகணும். ஆனா அந்த முடிவு கடைசி முடிவா இருக்கட்டும்.

சிவப்பு எண்ணெயும் திமிங்கிலமும்

புது எண்ணெயை ஊத்தும்போது பெரியப்பா கேட்டார், "இது ஏன்டா குங்குமம் கரைச்ச மாதிரி இருக்கு?" அந்தச் சிவப்பு வெறும் சாயம்தான். எஞ்சின் ஆயிலோட குழப்பிக்காம இருக்கவும், கசிவு எங்கேன்னு கண்டுபிடிக்கவும் சேர்த்தது. பல பழைய வண்டிகளோட பவர் ஸ்டீயரிங்குக்கு ஊத்தறது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குன்னு ஜெனரல் மோட்டார்ஸ் வரையறுத்த எண்ணெய் வகை. 1949-ல் வந்த 'டைப் ஏ'யும், 1960-களில் வந்த 'டெக்ஸ்ரான்' வரிசையும் அதுதான்.

ஒரு காலத்துல அதுல திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தோட எண்ணெய் அழுத்தத்தையும் சூட்டையும் நல்லாத் தாங்கும். 1970-ல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியல்ல சேர்த்து, அதோட எண்ணெய்க்குத் தடை போட்டது. வேதியியலாளர்கள் அவசரமா மாற்று தேட வேண்டியதாச்சு. 'டெக்ஸ்ரான்-2' அப்படித்தான் வந்தது. கோட்டையூர் வாசல்ல ஊத்தின சிவப்பு எண்ணெய்க்குப் பின்னாடி அந்தச் சட்டமும் இருக்கு.

விராலிமலை வழியா

இந்தியாவுக்கு இது எப்போ வந்தது? கனரக வண்டிகள்ல முன்னோடி நம்ம சென்னையின் அசோக் லேலண்ட். 1969-ல் பவர் ஸ்டீயரிங்கை அறிமுகப்படுத்தியது. ஆனா அது ரொம்ப நாள் எல்லோருக்கும் கிடைக்கலை. 1987-ல் சென்னை ரானே குழுமம் பவர் ஸ்டீயரிங்குக்குன்னே ஒரு கம்பெனி தொடங்கி, பின்னாடி டிஆர்டபிள்யூவோட கூட்டு சேர்ந்தது. அதோட ஸ்டீயரிங் தொழிற்சாலை இருக்கறது விராலிமலைப் பக்கம், பூதகுடியில. மயிலும் முருகன் கோயிலும்தான் விராலிமலைன்னு நினைக்கிறோம். அந்தக் கம்பெனியோட ஸ்டீயரிங் கியர் பிரிவு 2005-ல் ஜப்பானின் டெமிங் விருதை வாங்கியிருக்கு.

கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லைன்னு 1993-ல் ஆனது. 1994-ல் டாடா சுமோ, 2000-ல் டொயோட்டா குவாலிஸ், 2005-ல் இன்னோவா. செட்டிநாட்டுக் கல்யாணங்களுக்கும் கோயில் பயணங்களுக்கும் ஆள் ஏத்தின வண்டிகள் இவைதான். இந்தக் காலத்துலதான் வேன் டிரைவரோட தோளுக்கு ஓய்வு கிடைச்சது. பெரியப்பாவுக்கு அது கொஞ்சம் தாமதமா வந்தது.

சத்தமில்லாத காலம்

1988-ல் ஜப்பான்ல சுசுகி செர்வோ என்ற சின்னக் காரில் மின்சார பவர் ஸ்டீயரிங் வந்தது. பம்ப் இல்லை, எண்ணெய் இல்லை; ஒரு மோட்டார் மட்டும். திருப்பும்போது மட்டும் மின்சாரம் எடுக்கும். எஞ்சின் மேல எப்பவும் தொத்திக்கிட்டு பெட்ரோல் குடிக்கிற பம்ப் போயிடுச்சு. இன்னைக்கு நீங்க வாங்கற புது கார்கள்ல பெரும்பாலும் இதுதான்.

இது நல்லதுதான், சந்தேகமே இல்லை. ஆனா அது கெடறதுக்கு முன்னாடி முனகாது. டேஷ்போர்டுல ஒரு விளக்கு எரியும். அதைப் படிக்க ஒரு ஸ்கேனர் வேணும். சிரிஞ்சும் அட்டைப்பெட்டியும் வச்சு வாசல்ல உட்கார்ந்து பார்க்க முடியாது. எண்ணெயில இருந்து மின்சாரத்துக்கு மாறின இந்தக் கதையிலயும் காரைக்குடிக்கு ஒரு தொடர்பு இருக்கு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இங்கேதான் இருக்கு. பேட்டரி ஆராய்ச்சி அங்கே இன்னைக்கும் நடக்குது.

உங்க வீட்டுல அப்பாவோ சித்தப்பாவோ ஓட்டற பழைய வேன் ஒண்ணு இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை பானட்டைத் திறந்து அந்த எண்ணெய் டப்பாவை மட்டும் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை. குறைஞ்சிருந்தா ஏன் குறைஞ்சதுன்னு தேடுங்க. அதோட, அவங்க பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியை எத்தனை வருஷம் ஓட்டினாங்கன்னும் கேளுங்க. அந்தப் பதிலை எங்களுக்கும் அனுப்பி வைங்க. இந்த வரலாறு வேற எங்கேயும் எழுதப்படலை.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.